தனியாக பைக்கில் தனுஷ்கோடி: காற்று எழும் முன் கிளம்புங்கள்

கேள்வி: பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகத் தனுஷ்கோடிவரை தனியாகப் போக ஆசை. என்னிடம் இருப்பது 150 சிசி பைக். தாங்குமா? எத்தனை நாள் வேண்டும்?

பதில்: பைக் தாராளமாகத் தாங்கும். போக ஏறத்தாழ 600 கிலோமீட்டர்தான். என்ஜினை விட்டுவிட்டுக் காற்றைப் பற்றி யோசியுங்கள். வெயில் ஏற ஏறக் கடல்காற்று வலுக்கும். தெற்கே போகும்போது அது இடப்பக்கத்திலிருந்து தள்ளும். உங்களுடையது எடை குறைந்த வண்டி, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆடும். அதனால் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

முதல் நாள் நாகப்பட்டினம், இரண்டாம் நாள் ராமநாதபுரம். அன்றே ராமேஸ்வரம் போய்விடலாமே என்று தோன்றும், வேண்டாம். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மறைப்பே கிடையாது. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஏறுங்கள். முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொண்டு, கைப்பிடியைத் தளர்வாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு வீச்சும் நேராக முன்சக்கரத்துக்குப் போகும். எதிரே பஸ் வந்தால் அது கிளப்பும் காற்றும் சேர்ந்து அறையும், அதற்குத் தயாராக இருங்கள். பக்கத்தில் 2025-இல் திறந்த புது ரயில் பாலம் தெரியும். போட்டோவுக்காக நடுப்பாலத்தில் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று, ஈ.சி.ஆர். என்ற பெயரை நம்பி வழியெல்லாம் கடல் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். மரக்காணத்தில் உப்பளம் தெரியும். புதுச்சேரி தாண்டினால் பெரும்பாலும் வயலும் ஊரும்தான். கடல் வேண்டுமென்றால் இடது பக்கம் திரும்ப வேண்டும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கும், மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா என்ற பழைய கோபுரத்துக்கும் திரும்பலாம். டெல்டாவில் அப்போது சம்பா அறுவடை. ரோட்டிலேயே நெல் காயும். அதன் மேல் பிரேக் பிடித்தால் டயருக்கு அடியில் பால்ரஸ் மாதிரி உருளும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நேராகக் கடந்துவிடுங்கள்.

செயினுக்கு எண்ணெய் இரவில் போடுங்கள், வண்டி நிறுத்தியதும், சூடு ஆறும் முன். காலையில் போட்டால் ஈரம் காயாமல் மணலை இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒரே நாளில் செயின் கரகரவென்று கத்தும். அதிகப்படியைத் துணியால் துடைத்துவிடுங்கள். ட்யூப் டயர் என்றால் ஒரு ட்யூபும் லீவரும் பையில் இருக்கட்டும், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே மதிய வெயிலில் வண்டி தள்ளுவது தண்டனை. பையை உயரமாகக் கட்டாதீர்கள், அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும்.

1964 புயல் அழித்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைவரை இப்போது தார்ச்சாலை உண்டு. ஆனால் ஓரத்தில் மணல் ஏறிக் கிடக்கும், திருப்பும்போது கவனம். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒன்று கொண்டுபோங்கள். இல்லையென்றால் நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டி மெல்லச் சாய்ந்து படுத்துவிடும். பொழுது சாய்ந்த பின் அங்கே நிற்க விடமாட்டார்கள்.

திரும்பியதும் முதல் வேலை, நல்ல தண்ணீரில் வாட்டர் வாஷ். மட்கார்டின் உட்பக்கமும் சேர்த்து.