நீச்சல் குளப் பம்பின் 1.5 எச்பி மோட்டார் எரிந்துவிட்டது, 2 எச்பி போடலாமா?

வேண்டாங்க. பழைய இம்பெல்லரையே (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) வைத்துக்கொண்டு 2 எச்பி போட்டால் காசுதான் போகும், கூடுதல் தண்ணீர் வராது. டெக்சாஸ் வெயிலில் உங்கள் பம்ப் தினமும் மணிக்கணக்கில் ஓடும். அதனால் வேகம் மாற்றக்கூடிய மோட்டாரே வாங்குங்கள். நிமிடத்துக்கு 3450 சுற்றை 1725 ஆக்கினால் தண்ணீர் பாதியாகும், மின்சாரமோ கணக்குப்படி எட்டில் ஒரு பங்கு. இரட்டிப்பு நேரம் ஓட்டினாலும் கால்வாசிதான் (நடைமுறையில் கொஞ்சம் கூடும்).

பழைய மோட்டாரின் தகட்டில் எச்பியையும் சர்வீஸ் ஃபேக்டரையும் (மோட்டார் கூடுதலாகத் தாங்கும் அளவைச் சொல்லும் எண்) பெருக்குங்கள். 1.5 × 1.1 என்றால் மொத்த எச்பி 1.65, புதியதன் மொத்த எச்பி அதற்குக் குறையக் கூடாது. ஃபிளாஞ்ச் (மோட்டாரைப் பம்போடு பொருத்தும் முகப்பு) சதுரமா வட்டமா, 115 வோல்ட்டா 230-ஆ என்றும் பாருங்கள். ஷாஃப்ட் சீல் (தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுப்பது) கட்டாயம் புதிது. குளத்து நீரைச் சூடாக்கும் ஹீட்டர் இருந்தால், அது ஓடும் நேரம் மட்டும் வேகத்தைக் கூட்டி வையுங்கள்.