வீட்டிலிருந்தே ஓட்டு, பக்கத்தில் மாமனார்

கேள்வி: அக்கா, மெல்பர்னில் இருக்கும் என் தம்பி, தபால் ஓட்டு பெரிய அலைச்சல், எஸ்டோனியா மாதிரி நாமும் இணையத்திலேயே போட்டால் என்ன என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் மாமனார் கைகாட்டும் கட்சிக்குத்தான் எல்லாரும் போட வேண்டும். சாவடிக்குள் மட்டும்தான் என் இஷ்டம். அதுவும் போய்விடுமா?
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த், மலேசியா

பதில்: பயம் நியாயமானதுதான் தங்கச்சி. சாவடியில் அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நீங்கள் கோடு போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "நீங்க சொன்னதுக்குத்தான் போட்டேன் மாமா" என்றால் அவரால் சரிபார்க்க முடியாது, நீங்களே நினைத்தாலும் நிரூபிக்க முடியாது. உங்களைக் காப்பாற்றுவதே அந்த முடியாமைதான். வீட்டுக் கணினியில் அது கிடையாது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.

எஸ்டோனியாக்காரர்கள் இதை யோசிக்காமல் இல்லை. 2005-இலிருந்து இணைய ஓட்டு நடக்கிறது, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேல் அப்படித்தான் விழுந்தது. அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசி ஓட்டுதான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை சாவடிக்கே போய்ச் சீட்டில் போட்டால் இணைய ஓட்டு ரத்து. அதாவது மாமனார் முன்னால் ஒன்று, அவர் தூங்கியபின் சமையலறையில் இன்னொன்று. ஆனால் அடையாள அட்டையும் ரகசிய எண்ணும் அவர் கையில் இருந்தால்?

அதற்கும் 2005-இல் மூன்று ஆய்வாளர்கள், ஜூல்ஸ், கட்டலானோ, யாக்கப்சன், ஒரு வழி சொன்னார்கள்: ஓட்டுப் போட ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி, அதாவது ரகசியக் குறியீடு, இருக்கும்; மிரட்டுபவரிடம் பொய்ச் சாவியைக் கொடுத்துவிடலாம், திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், எண்ணும்போது மட்டும் அந்த ஓட்டு சேராது. நல்ல யோசனைதான், ஆனால் நிஜச் சாவியைத் தனியாகப் போய் வாங்கி, ஒரே வீட்டுக்குள் ஒளித்தும் வைக்க வேண்டுமே, அது எத்தனை பெண்களால் முடியும்? நார்வே 2011-லும் 2013-லும் இணைய ஓட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு 2014-இல் கைவிட்டது.

தம்பி மாதிரி தூரத்தில் இருப்பவர்களுக்கு இணைய ஓட்டு கொடுக்கலாம் என்பேன் (தபால் ஓட்டும் வீட்டுக்குத்தானே வருகிறது, அங்கேயும் யாரும் எட்டிப் பார்க்கலாம்). ஆனால் உங்களை மாதிரி உள்ளூரில் இருப்பவர்களுக்குச் சாவடியை எடுத்துவிடவே கூடாது.

சரி, இப்போது உங்கள் மைகார்டு, அதாவது அடையாள அட்டை, எங்கே? மாமனார் அலமாரியில் என்றால் இன்றே கேட்டு வாங்குங்கள். எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதையே காரணமாகச் சொல்லுங்கள்.