மீட்டிங்கில் ஒருவர் ஐடியா சொன்னால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மதுரைப் பக்கம், வாகனங்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் குவாலிட்டி சர்க்கிள் கூட்டங்களை நடத்துவது என் வேலை. ஒரே பகுதியில் வேலை பார்ப்பவர்கள் வாராவாரம் உட்கார்ந்து, தங்கள் இடத்துப் பிரச்சினையைத் தாங்களே பேசித் தீர்க்கும் முறை அது. 1962-இல் ஜப்பானில் தொடங்கியது. கூட வேலை பார்ப்பவர் சொல்லும் யோசனைக்கு எப்படிப் பதில் சொல்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கப்பலூர், ஷிப்ட் சூப்பர்வைசர்): அண்ணே, ஆபரேட்டருங்க சொல்ற ஐடியாவுல பாதி வேலைக்கு ஆகாது. ஆகாததை ஆகாதுன்னு உடனே சொல்லிட்டா நேரம் மிச்சம்தானே?

பதில்: மிச்சமாகாது தம்பி. எடுத்த எடுப்பில் "ஆகாது" என்று கேட்டவர் அடுத்த வாரம் வாயைத் திறக்க மாட்டார். அவர் கண்ணில் பட்ட கோளாறு அவரோடே நின்றுவிடும். பிறகு அது ரிஜெக்‌ஷனாக உங்கள் மேஜைக்கு வரும்.

ஆபரேட்டர் பேசும்போது இரண்டு விஷயம் சேர்ந்து வருகிறது: அவர் படும் கஷ்டம், அதற்கு அவருக்குத் தோன்றும் வழி. வழி தப்பாக இருக்கலாம், கஷ்டம் பெரும்பாலும் நிஜம். "ஆகாது" என்றால் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம்.

எங்கள் ஃபினிஷிங் பகுதியில் ஓர் அக்கா, டிரிம்மிங் மேஜைக்கு இன்னும் இரண்டு லைட் வேண்டும் என்றார். மோல்டிலிருந்து வரும் ரப்பரின் ஓரத்தில் மெல்லிசாக ஒட்டியிருக்கும் பிசிறை வெட்டி எடுக்கும் மேஜை அது. தட்டிக்கழிக்க கரண்ட் பில், வயரிங் என்று எத்தனையோ காரணம் இருந்தது. சூப்பர்வைசர் கேட்டது ஒன்றுதான்: "எந்த இடத்துலக்கா தெரிய மாட்டேங்குது? காட்டுங்க." போய்ப் பார்த்தால், விளக்கு அவரது வலது தோளுக்கு மேலே இருந்தது. கத்தியைப் பிடித்துக் குனிந்ததும் கையின் நிழல் சரியாக வெட்டும் ஓரத்திலேயே விழுந்தது. ரப்பரும் கறுப்பு, பிசிறும் கறுப்பு, அதன்மேல் நிழல் வேறு. இருந்த விளக்கையே இடப்பக்கம் மாற்றிப் போட்டோம். புது லைட் வாங்கவே இல்லை.

அதனால் உங்கள் முதல் பதில் கேள்வியாக இருக்கட்டும். "எப்ப இப்படி ஆகுது?" "எந்த மிஷின்ல?" "காட்டுறீங்களா?" "இதுக்கு யாரு காசு குடுப்பா?" என்பதையும் ஒரு நாள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் அதைக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி (இலந்தைக்குளம், ஐடி கம்பெனி டீம் லீட்): நான் யாரையும் மட்டம் தட்டுறதில்லை சார். யார் என்ன சொன்னாலும் "சூப்பர்"னுதான் சொல்றேன். ஆனாலும் ஐடியா வர்றது குறைஞ்சுக்கிட்டே போகுது.

பதில்: "சூப்பர்" என்பதில் எது பிடித்தது என்று இல்லை, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்றும் இல்லை. சொன்னவர் சில வாரம் பார்ப்பார். ஒன்றும் நடக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்வார்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டெஸ்ட்டிங்கை ரிலீசுக்கு முந்தின நாள் வைக்காம ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிச்சா கடைசி ராத்திரி உக்கார வேண்டியதில்ல. அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கிளையன்ட் கடைசி வரைக்கும் மாத்தம் கேக்குறாங்களே, அதுக்கு என்ன பண்ணலாம்?" எது பிடித்தது, எது இடிக்கிறது, இரண்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இடிப்பதற்கு வழி தேடும் வேலையும் அவர் கையிலேயே இருக்கிறது.

பலர் கூடி, மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லும் பிரைன்ஸ்டார்மிங்கில் குறையே சொல்லக் கூடாதாமே என்று இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். 1950-களில் அந்த முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையின் அலெக்ஸ் ஆஸ்போர்ன். யோசனைகளைக் கொட்டும் நேரத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், பிறகு அலசி எடுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. பின்பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (தனியார் மருத்துவமனை, ஸ்டாஃப் நர்ஸ்): டியூட்டி மாறும்போது, புதுசா வந்த பொண்ணு ஒருத்தி "ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு மருந்தைப் பக்கத்துல பக்கத்துல வைக்க வேணாம்"னு சொன்னா. சீனியர் சிஸ்டர் "நீ வந்து எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டுட்டாங்க. அவ முகமே செத்துப்போச்சு. நான் என்ன செஞ்சிருக்கணும் சார்?

பதில்: இதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டதும்மா. அந்தப் பெண் பேசியது மருந்தைப் பற்றி, அவளுக்குக் கிடைத்த பதிலோ அவளைப் பற்றி. இத்தனைக்கும் அவள் சொன்னது சரி. பெயரோ பாக்கிங்கோ ஒன்றுபோல் இருக்கும் மருந்துகளைப் பிரித்து வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே சொல்லியிருக்கிறது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளைப் பார்த்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் பயப்படாமல் வெளியே சொன்னதுதான் காரணம் என்று கண்டார். வாயை அடைக்கும் வார்டில் தவறு நடந்தாலும் நோட்டில் ஏறாது.

நீங்கள் சீனியரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். "சிஸ்டர், எந்த ரெண்டு மருந்துன்னு ஒரு தடவை பார்த்துருவோமா?" என்றால் போதும். ஒரே ஒரு ஆள் கூட நின்றால் எவ்வளவு தெம்பு வரும் என்பதற்கு உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் செய்த சோதனை இருக்கிறது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சாதாரண வேலை. சுற்றி இருந்தவர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, சோதனைக்கு உட்பட்டவரின் பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவர்கள் பக்கமே சாய்ந்தது. சரியாகச் சொல்லும் ஒருவரை மட்டும் கூடச் சேர்த்ததும் அது வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். இன்றும் தாமதமாகிவிடவில்லை. அடுத்த ஹேண்ட்ஓவரில் அந்தப் பேச்சை நீங்களே எடுங்கள், அவள் பெயரைச் சொல்லி எடுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி, மகளிர் சுய உதவிக் குழு): எங்க குழுவுல ஒரு அக்கா, பருத்திப்பாலைப் பொடியாக்கிப் பாக்கெட் போட்டு விப்போம்னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டோம். இப்ப அவங்க கூட்டத்துக்கே வர்றதில்லை.

பதில்: முதலில் அவர் வீட்டுக்கு யாராவது போய்க் கூப்பிடுங்கள். "சிரிச்சது தப்புக்கா, நீங்க சொன்னதைப் பத்திப் பேசணும்" என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு நிஜமாகவே பேசுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிவதுதான் அதில் பெரிய வேலை. அதைப் பொடியாக்கினால் ருசி நிற்குமா, எத்தனை நாள் கெடாது, உணவுப் பாதுகாப்புத் துறையில் எப்படிப் பதிவு செய்வது என்று கேட்க நிறைய இருக்கிறது. கொஞ்சமாகச் செய்து உங்கள் பத்து வீட்டிலேயே குடித்துப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் அது அந்த அக்காவுக்கே தெரிந்துவிடும். ஒருவேளை சுக்கு, ஏலக்காய், அரிசிமாவு சேர்த்த கலவையை மட்டும் விற்கலாம் என்று அவரே அடுத்த யோசனையோடு வரலாம்.

கேள்வி (மேலூர், ஆசிரியை): எங்க ஹெச்.எம். நல்லவர். ஆனா கூட்டம் ஆரம்பிச்சதும் தன் முடிவைச் சொல்லிட்டு "நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேப்பார். எல்லாரும் தலையாட்டுவோம்.

பதில்: பேசும் முன் ஆளுக்கு ஐந்து நிமிடம் துண்டுச்சீட்டில் எழுதலாமா என்று அவரிடம் தனியாகக் கேளுங்கள், எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருப்பதிலேயே யோசனைகள் தொலைந்துபோகின்றன என்று மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபெ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1987-இல் காட்டினார்கள். சீட்டுகளை வாசித்த பிறகு ஹெச்.எம். கடைசியாகப் பேசட்டும். நல்லவர் என்கிறீர்கள், ஒத்துக்கொள்வார்.

கேள்வி (பலர்): எதைச் சொன்னாலும் குறை சொல்ற ஒருத்தரை என்ன செய்றது?

பதில்: "என்ன இருந்தா இது நடக்கும்?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் பட்டியல் போட்டால் உங்களுக்கு லாபம்.

கேள்வி (வாடிப்பட்டி, மில் அலுவலகம்): நல்லா விசாரிச்சும் ஒரு யோசனை ஒத்துவரலைன்னா எப்படிச் சொல்றது?

பதில்: சொன்னவரிடம் முதலில் சொல்லுங்கள், கூட்டத்தில் அறிவிப்பது அதற்குப் பிறகுதான். காரணத்தை முழுசாகச் சொல்லுங்கள். "மேனேஜ்மென்ட் ஒத்துக்கல" என்பது காரணம் ஆகாது. என்ன செலவு, எந்த ஆர்டர் இடிக்கிறது, யார் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள். நாங்கள் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். யோசனை, சொன்னவர் பெயர், பதில் சொல்ல வேண்டிய தேதி, சொன்ன பதில் என்று நான்கு கட்டம். மூன்றாவது கட்டத்தில் தேதி போடாமல் கூட்டத்தை முடிப்பதில்லை. வேண்டாம் என்று முடிவானவற்றையும் அடிப்பதில்லை, ஆறு மாதம் கழித்து மிஷின் மாறியிருக்கலாம், ஆர்டர் மாறியிருக்கலாம்.