பிளாங்க் நீளம் வெளியின் கடைசித் துண்டா?

வணக்கம். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் கல்லூரியில் படிக்கும் உங்கள் மகள் "வெளி (space) பிளாங்க் நீளத் துண்டுகளால் ஆனது" என்று கட்டுரையில் எழுத, பேராசிரியர் அந்த வரியை நீக்கச் சொன்னதாக வருந்தியிருந்தீர்கள். பேராசிரியர் சொன்னது சரி. அந்த நீளம், சுமார் 1.6×10⁻³⁵ மீட்டர், எவரும் கண்டறிந்த துண்டு அல்ல. ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, நுண்துகள் உலகின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலி ஆகிய மூன்றையும் இணைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது. அந்த அளவில் இன்றைய கோட்பாடுகளை நம்ப முடியாது, அவ்வளவுதான் உறுதி.

ஆனால் கேள்வி அருமையானது, மகள் கைவிட வேண்டாம். வெளி துண்டுகளாக இருந்தால் ஆற்றல் மிகுந்த ஒளித்துகள், ஆற்றல் குறைந்ததைவிடச் சற்றே தாமதமாக வரலாம் என்று சில கோட்பாட்டு மாதிரிகள் கூறின. 2009இல் ஃபெர்மி விண்தொலைநோக்கி ஒரு காமாக் கதிர் வெடிப்பை, அதாவது தொலைதூர விண்வெளியிலிருந்து வந்த மிக ஆற்றல் மிக்க ஒளியின் திடீர் வீச்சை, பதிவுசெய்தது. ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் பயணித்த பின்னும் துகள்களுக்கிடையே ஒரு நொடி அளவுக்குக்கூடத் தாமதம் இல்லை! அந்த எளிய மாதிரிகள் அடிபட்டன. எல்லாத் துண்டு மாதிரிகளும் அல்ல: நிகழ்வுகளின் முன்பின் உறவிலிருந்தே வெளியையும் காலத்தையும் கட்டும் கோட்பாடு இன்னும் நிற்கிறது. பெங்களூரு சதாசிவநகரில் உள்ள ராமன் ஆய்வு நிறுவனத்தில் அதில் ஆய்வு நடந்துவருகிறது. நீக்கிய வரியின் இடத்தில் இந்தச் சோதனையை எழுதச் சொல்லுங்கள்.