பயணப் படமும் பழைய பாணி போஸ்டரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2016-ல் குடும்பத்தோடு மியான்மரின் லாஷியோ ரயிலில் போனபோது கோட்டெய்க் ரயில் பாலத்தைப் போனில் எடுத்தேன். பழைய ரயில்வே போஸ்டர் மாதிரி ஆக்க ஆசைப்பட்டு, பழுப்புக் கறை, கீறல், மடிப்புக் கோடு எல்லாம் போட்டு ஏ3 அளவில் அச்சிட்டேன். அழுக்குப் படிந்த போட்டோ மாதிரிதான் இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?
– வாசகர், யாங்கோன்

பதில்: கறையிலிருந்து தொடங்கியதுதான் தவறு. 1920, 30-களின் ரயில்வே போஸ்டர்கள் சுவரில் ஒட்டிய நாளில் பளிச்சென்று புதிதாகத்தான் இருந்தன. அவற்றின் அழகு அச்சு முறையிலிருந்து வந்தது. லித்தோ அச்சில் (கல்லச்சு) ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லோ தகடோ வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால் மலை, வானம், ரயில் எல்லாவற்றையும் ஒரு சில நிறங்களுக்குள் ஓவியர் அடக்க வேண்டியிருந்தது. நீங்களும் ஆறு நிறம் என்று எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள், ஏழாவதைத் தொடாதீர்கள்.

முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். வெளிச்சம், நடுநிழல், இருட்டு என்று மூன்று நான்கு திட்டுகள்தான் மிஞ்சும். அவையே உங்கள் போஸ்டர். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் படத்தை அடி அடுக்கில் பூட்டிவிட்டு, மேலே பெஸியர் பேனாவால் (வளைகோடு வரையும் கருவி) திட்டுகளை வரையுங்கள். படத்தைத் தானாகக் கோட்டு வடிவமாக்கும் (டிரேஸ்) வசதியும் அதில் உண்டு. ஆனால் காடு நிறைந்த படத்தில் அது ஒவ்வொரு இலையையும் ஒரு துணுக்காக வெட்டிப் போடும். அதைச் சுத்தம் செய்யும் நேரத்தில் கையாலேயே வரைந்து முடித்துவிடலாம். தூரத்து மலைக்கு வெளிர் நீலச் சாம்பல், நடு மலைக்கு நீலப் பச்சை, கீழே முன்புறப் புதருக்குக் கரும்பச்சை. தூரம் போகப் போக நிறம் வெளிற வேண்டும். அந்த ஆழம் வராவிட்டால் பாலம் மலைமேல் ஒட்டிய ஸ்டிக்கர் போலத் தெரியும்.

1901-ல் திறந்த பாலம் அது; எஃகுக் கால்களில் குறுக்குச் சட்டங்கள் வலை மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் வரைந்தால் அச்சில் சாம்பல் புகையாகிவிடும். பக்கத்தில் உள்ள இரண்டு கால்களுக்கு மட்டும் பெருக்கல் குறிச் சட்டம் போடுங்கள்; தூரத்துக் கால்களுக்கு நிமிர்ந்த கோடு போதும், அதுவும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல். உங்கள் படத்தில் மூன்றாவது ஜன்னலிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டிருக்கிறது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற எல்லாம் பாலத்துக்குச் சொந்தம். அந்தக் கை உங்கள் வீட்டுக்குச் சொந்தம். ஆறாவது நிறத்தை, ஒரு செங்காவியை, அந்தக் கையின் சட்டைக்கும் தலைப்பு எழுத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நீங்கள் அனுப்பியது 1600 பிக்சல் நீளமுள்ள, மெசேஜில் சுருங்கி வந்த பிரதி. ஏ3-யின் 420 மில்லிமீட்டர் நீளத்துக்கு அது அங்குலத்துக்கு 97 புள்ளிதான் தரும்; நல்ல அச்சுக்கு 300 கேட்பார்கள். வெக்டராக, அதாவது பிக்சலுக்குப் பதில் கோட்டு வடிவங்களாக, வரைந்தால் இந்தத் தொல்லை இல்லை. எந்த அளவுக்கும் பெரிதாக்கலாம். ஆனாலும் வரைவதற்கு மூலப் படத்தையே தேடி எடுங்கள். சுருங்கிய பிரதியில் அந்தக் கைக்கு விரல்கள் தெரியவில்லை.

பழமை வேண்டுமென்றால் கடைசியில் ஒன்றே ஒன்று: ஒரு நிறத்தை மட்டும் 0.3 மில்லிமீட்டர் நகர்த்தி வையுங்கள், பழைய அச்சில் தகடு விலகியது போல. காகித நிறத்தை மையால் அச்சிட வேண்டாம். வெளிர் மஞ்சள் தாளை வாங்கி அதிலேயே அச்சிடுங்கள். நீலம் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாயும் என்பதால் முதலில் ஏ4-ல் ஒரு சோதனைப் பிரதி எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: தாத்தாவும் பாட்டியும் 1979-ல் சைத்தியோ தங்கப் பாறை பகோடாவுக்குப் போன படங்கள் பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு சிவந்து கிடக்கின்றன. போஸ்ட்கார்டாக்கி உறவினர்களுக்கு அனுப்ப விரும்புகிறோம்.
– வாசகி, பகோ

பதில்: பிய்க்காதீர்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, மெல்ல ரம்பம் போல இழுங்கள். நூல் நகர மறுத்தால் விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து மேல்பூச்சு இளகியிருக்கும். இந்த வேலையை வறண்ட மாதங்களில் செய்வது நல்லது.

ஸ்கேனுக்கு: 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), 48 பிட் நிறம், டிஃப் (TIFF) கோப்பு. மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் 2100 x 3000 பிக்சல் தரும். ஏ6 போஸ்ட்கார்டுக்கு, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரத்தோடு, 1819 x 1311 போதும். இரண்டின் நீள அகல விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் யார் தலையும் வெட்டுப்படாது. முகத்தையும் எழுத்தையும் மட்டும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள்.

சிவப்பு ஏறவில்லை, மற்றது இறங்கியிருக்கிறது. அக்கால வண்ணப் படங்களில் பலவற்றில் நீலப் பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் லெவல்ஸைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே எடுத்து, வரைபடம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இரு முனைகளையும் நகர்த்துங்கள். பாட்டியின் வெள்ளை ரவிக்கை வெள்ளையானதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் முகத்தில் பூசிய தனக்கா (மரப்பட்டைப் பூச்சு) சுண்ணாம்பு போலாகும்.

கேள்வி: தலைப்பில் தமிழும் பர்மியமும் வேண்டும். இரண்டுமே உடைந்து வருகின்றன.
– வாசகர், மோல்மேன்

பதில்: ‘யோ’ என்று தட்டினால் கொம்பு முன்னால் போகாமல் பின்னால் புள்ளி வட்டத்தோடு நிற்கிறதா? ஃபோட்டோஷாப்பின் ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுங்கள். இங்க்ஸ்கேப்பில் இந்தச் சிக்கல் வராது.

பர்மிய வரி பெரும்பாலும் ஸாவ்ஜி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வரியாக இருக்கும். 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறியது. ஸாவ்ஜி எழுத்தை யூனிகோட் எழுத்துருவில் போட்டால் குறிகள் இடம் மாறிவிடும். மாற்றியில் போட்டு எடுத்து, பர்மியம் நன்றாக வாசிப்பவர் ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

ஆங்கிலப் போஸ்டரைப் பார்த்து எழுத்து இடைவெளியைக் கூட்டவும் வேண்டாம். தமிழில் காலும் கொம்பும் தாய் எழுத்தை விட்டு ஓடிவிடும். இடத்தை நிரப்ப எழுத்தையே பெரிதாக்குங்கள். 1930-களின் சாயல் வேண்டுமென்றால் ‘மலை’யில் உள்ள லை-க்கு யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவம் போடலாம்; 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும்வரை அச்சில் அதுதான் வழக்கம். எழுத்துருவில் இல்லாவிட்டால் கையால் வரைந்து சேருங்கள். பழைய தலைப்புகள் பலவும் கையெழுத்து வேலைதான். முடிந்ததும் எழுத்தைப் பாதையாக (எழுத்துரு தேவைப்படாத வரைகோடாக) மாற்றிய பிரதியை அச்சகத்துக்குக் கொடுத்து, திருத்தக்கூடிய பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திரையில் தகதகவென்று இருந்த ஸ்வேடகோன் பகோடாவின் தங்கக் கோபுரம் அச்சில் கடுகு நிறமாகிவிட்டது.
– வாசகி, மாண்டலே

பதில்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை அச்சில் தங்கம் கிடையாது. மஞ்சளை ஏற்றாதீர்கள், வானத்தை இருட்டாக்குங்கள். கோபுரத்தின் ஒளிப்பக்கத்துக்கு மெஜந்தா 25 சதவீதம், மஞ்சள் 80. நிழல்பக்கத்துக்கு சயான் 25, மெஜந்தா 55, மஞ்சள் 100. பின்னால் ஆழ்ந்த நீலம். உச்சியில் ஓரிடத்தில் வெறும் தாள் வெள்ளை. கண் அதைத் தங்கமாகப் படித்துக்கொள்ளும்.

கேள்வி: போஸ்ட்கார்டின் பின்பக்கம் எழுதினால் மை ஈஷுகிறது.
– வாசகர், தட்டோன்

பதில்: இரு பக்கமும் வழவழப்பான அட்டை கொடுத்திருக்கிறார்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள அட்டை என்று கேளுங்கள். பின்பக்கம் லாமினேஷன் வேண்டவே வேண்டாம். தபால் முத்திரையும் அழியும். நடுவில் ஒரு கோடு, வலப்பக்கம் முகவரிக்கு நான்கு வரி, மேல் வலது மூலையில் தபால்தலைக் கட்டம். இடப்பக்க அடியில் ஊர், ஆண்டு, படத்தில் இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றை 7 பாயின்ட் எழுத்தில் அச்சிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது தேவைப்படும்.