தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பில் துளை இருப்பதாக ஸ்கேனில் வந்தால் பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதுகின் மேற்பகுதியில் தட்டுப்படும் முக்கோண எலும்புதான் தோள்பட்டை எலும்பு. அதன் மேல்விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். சிலருக்கு ஆழம், சிலருக்கு மேலோட்டம், சிலருக்கு வெட்டே இருக்காது. ஒரே ஆளுக்கு இடமும் வலமும்கூட வேறுபடலாம். வெட்டின் வாய்க்குக் குறுக்கே ஒரு நார்ப்பட்டை ஓடும். அது எலும்பாக இறுகிவிட்டால் வெட்டு துளையாகிவிடும்.

கையைப் பக்கவாட்டில் உயர்த்தவும் வெளிப்பக்கம் திருப்பவும் உதவுகிற இரண்டு தசைகளுக்கான நரம்பு இதற்குள்ளால்தான் போகிறது. கூட வரும் இரத்தக்குழாய் பெரும்பாலும் அந்தப் பட்டைக்கு மேலால் தப்பிவிடும். நரம்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேலிப் பொட்டுக்கு மேலே கயிறு கட்டியிருந்தால் நுழைகிற நாய்க்கு அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். கட்டை அடித்திருந்தால் முதுகு உரசும். நார்ப்பட்டை கயிறு மாதிரி, எலும்பாக இறுகியது கட்டை மாதிரி.

மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிகிறவர், கரப்பந்தில் ஓங்கி அடிக்கிறவர் போல கையைத் தலைக்கு மேல் வீசுகிறவர்களுக்கு நரம்பு அடிக்கடி இழுபடும். நசிந்தால் தோளின் பின்பக்கம் மந்தமான நோ, கை தூக்கப் பலமின்மை. நாட்பட்டால் தசை வற்றி, எலும்பின் நடுமேட்டுக்கு மேலும் கீழும் பள்ளம் விழும். நாமோ கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதென்று எண்ணெய் பூசிக்கொண்டிருப்போம்! பள்ளம் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ.யும் நரம்புப் பரிசோதனையும் செய்து பார்ப்பார்கள். பலருக்கு ஓய்வும் பிசியோதெரபியும் போதும்; சரிவராவிட்டால் அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு வழிவிடுவார்கள்.

துளை என்றதும் எலும்பு உக்கிவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் எலும்பு குறைந்ததால் வந்த துளையல்ல இது, கூடியதால் வந்தது.