சேரும் முன் பட்டியலைப் பாருங்கள், அம்மா

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் மின்சார விநியோகத் துறையில் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். நீங்களோ பெண் பிள்ளை மழையில் கம்பம் ஏறுவாளோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள். கம்பம் ஏறுவது லைன்மேன் வேலை. இடி இடித்ததும் வீட்டு விளக்கு ஒரு கணம் அணைந்து மறுபடி எரிவதைப் பார்த்திருப்பீர்களே, பொறியியலாளர் வேலை அங்கே இருக்கிறது. கம்பியில் மின்னல் தாக்கியதை ரிலே என்னும் காவல் கருவி கண்டுகொண்டு, பிரேக்கர் என்னும் பெரிய சுவிட்சைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. சற்று நேரத்தில் தானாகவே மீண்டும் இணைத்துப் பார்க்கிறது. கோளாறு நீங்கியிருந்தால் விளக்கு எரியும். கம்பிமேல் மரம் சாய்ந்து கிடந்தால் மின்சாரத்தை மறுபடி துண்டித்துவிடும். எத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு நேரத்தில் துண்டிப்பது, பக்கத்துத் தாமானை, அதாவது பக்கத்துக் குடியிருப்பை, இருட்டாக்காமல் பழுதான பகுதியை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைப்பவர் பொறியியலாளர். களத்துக்கே போகமாட்டாள் என்று நான் சொல்லவில்லை. போவாள், தலைக்கவசத்தோடு.

எனக்குக் கவலை அந்தக் கணக்கைப் பற்றித்தான். கூடுதல் கணிதத்தில் சி பிளஸ் என்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே நுண்கணிதமும் கலப்பெண்களும் வந்து நிற்கும். மும்முனை மின்சாரத்தை அவை இல்லாமல் தொடவே முடியாது. மெட்ரிகுலேஷன் என்னும் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு கிடைத்தால் அந்த ஓராண்டும் கணிதத்தை உடும்புப்பிடியாகப் பிடிக்கட்டும். ஆறாம் படிவம் படித்து எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு கடினம், ஆனால் செலவு குறைவு, அடித்தளமும் உறுதியாக அமையும். இரண்டும் அமையாவிட்டால் ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்துவிட்டுப் பட்டத்துக்குப் போகலாம். அந்த வழியை நம்மவர்கள் ஏன் இளக்காரமாகப் பார்க்கிறார்களோ!

இப்போது கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் முகவர் உங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன விளம்பரத் தாளுக்கு வருகிறேன். அதில் இருப்பது மின்பொறியியல் தொழில்நுட்ப இளங்கலை. அது வேறு படிப்பு, அதன் பாதை தொழில்நுட்பவியலாளருக்கானது. அதிலும் பிழைப்பு உண்டு. ஆனால் தெரிந்தே போக வேண்டும். மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொள்ள, இஏசி என்னும் பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்ற பட்டம் வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2009-இல் மலேசியா முழு உறுப்பினராகிவிட்டதால், அத்தகைய பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு.

தெனாகா நேஷனல் பல்கலைக்கழகத்தில் மின்திறன் பொறியியலுக்கென்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே படித்தால் தெனாகா மின்சார நிறுவனத்தில் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தெனாகா மட்டுமே கதியும் அல்ல. செம்பனை எண்ணெய் ஆலைகள் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து, அந்த நீராவியில் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. சூரிய மின்பண்ணைகளுக்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கும் இந்தப் படிப்புப் படித்தவர்கள் தேவை.

முகவர் மறுபடி வந்து முன்பணம் கேட்டால், இஏசி பட்டியலில் கல்லூரியின் பெயரும் படிப்பின் முழுப்பெயரும் சேர்ந்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்பதையும் மகளே படித்துப் பார்க்கட்டும். அதுவரை ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.